புதுடெல்லியில் இடம் தேடிய நினைவுத்தூபி

புதுடெல்லிக்குச் செல்பவர்கள் இந்தியா கேட் எனப்படும் கல்வாயிலைப் பார்க்காமல் திரும்புவது அரிது. மாலை வேளையில் அதனைச் சுற்றியுள்ள புல்வெளி நிறைந்து விடும். பிள்ளைகள் பலூன் பின்னால் ஓடுவார்கள். முன்பெல்லாம் குடும்பங்கள் விரிப்பு விரித்து அமர்ந்து சாப்பிட்டன. உண்மையில் அது ஒரு யுத்த நினைவுச் சின்னம். முதலாம் உலகப் போர் முதலான போர்களில் பிரித்தானிய அரசுக்காகப் போரிட்டு இறந்த இந்தியப் படையினருக்காக 1931 ஆம் ஆண்டு திறந்து வைக்கப்பட்டது. 13,000 இற்கும் மேற்பட்ட பெயர்கள் அதன் சுவர்களில் செதுக்கப்பட்டுள்ளன.

பெண்களுக்கான வாழ்வாதாரப் பயிற்சி ஒன்றிற்காக டெல்லி சென்றிருந்தபோது, ஓய்வு கிடைத்த ஒரு பிற்பகலில் இந்தியா கேட்டுக்கு அருகிலுள்ள தேசியப் போர் நினைவகத்தைப் பார்க்கச் சென்றேன். அதற்கு இடம் கிடைத்த கதை, யுத்தத்தினால் பாதிக்கப்பட்ட எமக்கும் சிந்திக்கத் தக்கது.

சுதந்திரத்திற்குப் பின்னர் நடந்த போர்களில் இறந்த படையினருக்குத் தலைநகரில் ஒரு நினைவுத்தூபி வேண்டும் என்ற கோரிக்கை 1960 ஆம் ஆண்டளவிலேயே எழுந்தது. 1971 ஆம் ஆண்டுப் போரின் பின்னர், 1972 ஜனவரியில் இந்தியா கேட் வாயிலின் கீழ் அணையாச் சுடர் ஒன்று ஏற்றப்பட்டது. சுடர் இருந்தது, பெயர்கள் இல்லை. சுவரில் இருந்தவை முன்னைய ஆட்சிக் காலத்தில் இறந்தவர்களின் பெயர்களே.

பின்னர் இந்தியா கேட் வளாகத்திலேயே புதிய நினைவகம் அமைக்கலாம் என்ற யோசனை வந்தபோது எதிர்ப்பும் வந்தது. அப்போதைய டெல்லி முதலமைச்சர் ஷீலா தீட்சித் அந்த இடத்தை விரும்பவில்லை. மக்கள் தாராளமாக வந்து போகும் திறந்த வெளியின் அழகு கெடும், பாதுகாப்புக் கட்டுப்பாடுகள் வந்துவிடும் என்பது அவ்வாதத்தின் சாரம். முன்னாள் படையினரோ, நாட்டின் கண்ணுக்குத் தெரியும் இடமே வேண்டும், நகரின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கக் கூடாது என்றனர். இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. உயிரோடு இருப்பவர்களுக்கு இளைப்பாற ஓர் இடம் வேண்டும். இறந்தவர்களைத் தேடி வருபவர்களுக்கும் ஓர் இடம் வேண்டும்.

2015 இல் அமைச்சரவை அங்கீகாரம் வழங்கி, 2019 பெப்ரவரி 25 ஆம் திகதி நினைவகம் திறக்கப்பட்டது. சென்னையைச் சேர்ந்த கட்டடக்கலை நிறுவனமொன்றின் வடிவமைப்பே போட்டியில் தெரிவானது. பழைய வாயிலை மறைக்காதிருக்க, தரைமட்டத்திலிருந்து இறங்கிச் செல்லும் விதமாக அதனை அமைத்துள்ளார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வட்டங்கள் உள்ளன. வெளிவட்டம் மரங்களால் ஆனது. நடுவில் உயர்ந்த தூணும் சுடரும் உள்ளன. இந்தியா கேட் வாயிலில் ஐம்பது ஆண்டுகள் எரிந்த சுடரும் 2022 ஜனவரியில் இங்குள்ள சுடருடன் சேர்க்கப்பட்டது. அதனை இடம் மாற்றியது முன்னாள் படையினர் சிலருக்கு மனவருத்தத்தைக் கொடுத்தது என்பதும் குறிப்பிடத்தக்கது.

மரங்களைத் தாண்டியதும் பெயர்கள் உள்ள வட்டம் வருகிறது. ஒருவருக்கு ஒரு கல் என்ற விதமாகக் கருங்கற் பலகைகளை அடுக்கி எழுப்பிய சுவர்கள். திறப்பு விழாக் காலத்திலேயே 25,000 இற்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. கையை நீட்டினால் பெயரைத் தொடலாம். மாலையில் இறந்த படைவீரர் ஒருவரின் குடும்பத்தவரை அழைத்து மலர்வளையம் வைக்கச் செய்யும் வழக்கமும் உண்டு. பெரும்பாலும் தாயோ மனைவியோதான் வருவார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. அந்தப் பெண்ணுக்கு இந்த நினைவகத்தின் பெருமை தூணின் உயரத்தில் இல்லை. தன் பிள்ளையின் பெயர் எட்டும் உயரத்தில் இருப்பதிலேயே இருக்கிறது.

அருகிலுள்ள தோட்டத்தில், இந்தியாவின் அதியுயர் வீர விருதான பரம் வீர் சக்ரா பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகள் உள்ளன. அவர்களுள் ஒருவர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். மும்பாயில் பிறந்த தமிழர். இந்திய அமைதிப்படையில் வந்து, 1987 நவம்பர் 25 ஆம் திகதி யாழ்ப்பாணம் கந்தரோடையில் இறந்தவர். எமது ஊரின் மண்ணில் முடிந்த ஒரு வாழ்வு இங்கே வெண்கல முகமாக நிற்பதைக் கண்டு சற்று நேரம் அவ்விடத்திலேயே நின்றேன். அமைதிப்படையில் ஏறத்தாழ 1,200 பேர் இறந்தனர். கொழும்பை அண்டிய பத்தரமுல்லையில் அவர்களுக்கென ஒரு தூபி உண்டு. அவர்களது சொந்த நாட்டின் தலைநகரிலோ பெயர்கள் கல்லில் வருவதற்கு ஏறத்தாழ முப்பது வருடங்கள் சென்றன.

அதே 1987 இல், ஒக்டோபர் 21, 22 ஆம் திகதிகளில், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குள் அந்தப் படையினரால் நோயாளர்களும் வைத்தியர்களும் தாதியரும் ஊழியர்களும் கொல்லப்பட்டதை நாம் அறிவோம். அவர்களை அந்த வைத்தியசாலையிலேயே ஆண்டுதோறும் நினைவு கூருகிறார்கள். கந்தரோடையில் மகனை இழந்த தாயின் துயரையும், வைத்தியசாலையில் கணவனை இழந்த மனைவியின் துயரையும் எந்தத் தராசிலும் நிறுக்க முடியாது. ஆனால் ஒருவருக்குத் தலைநகரின் நடுவில் கல் கிடைக்கிறது. மற்றவருக்கு, உயிர் பிரிந்த கட்டடமே நினைவிடமாகிறது. வீரத்திற்கு இடம் தேடுகிற அரசுகள், ஆயுதம் ஏந்தாமல் இறந்தவர்களுக்கு அவ்வளவு அக்கறையோடு இடம் தேடுவதில்லை.

எமது நாட்டிலும் ஏ9 வீதியால் பயணிப்பவர்கள் இதனைக் காணலாம். கிளிநொச்சி நகரில் பெரிய சீமெந்துச் சுவரைப் பீரங்கிக் குண்டு துளைக்க, மேலே தாமரை மலர்வது போன்ற வெற்றித்தூபி அமைக்கப்பட்டது. மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். அதற்கு முன்பே தூபி எழுந்துவிட்டது. டெல்லியில் இடம் பற்றி வருடக்கணக்காக வாதாட முடிந்தது. முகாமில் இருந்த ஒரு பெண்ணுக்குத் தன் ஊரின் நடுவில் என்ன எழ வேண்டும் என்று சொல்ல வாய்ப்பே இருக்கவில்லை. சந்தைக்குப் போகும்போதும் பிள்ளையைப் பாடசாலைக்குக் கூட்டிச் செல்லும்போதும் அவள் அதனைக் கடந்துதான் போகிறாள். தூபியைப் பார்க்க வருபவர் ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். அதன் அருகில் வாழ்பவருக்கு அது ஒவ்வொரு நாளும் பேசிக்கொண்டிருக்கும்.

ஆகவே சகோதரிகளே, உங்கள் பிரதேசத்தில் எந்த நினைவுத்தூபிக்கு இடம் பார்க்கப்பட்டாலும் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. அங்கே யாருடைய பெயர்கள் வரும்? வயது போன தாய் ஒருவர் பஸ்ஸில் இறங்கி நடந்து வரக்கூடிய தூரமா? அழுவதற்கும் விளக்கு வைப்பதற்கும் யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டி வருமா? அருகில் குடியிருப்பவர்களின் விருப்பம் கேட்கப்பட்டதா? மாதர் சங்கக் கூட்டத்திலும் பிரதேச சபையிலும் இவற்றைக் கேட்பதில் தவறில்லை.

கல் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. உங்கள் வீட்டில் இழந்தவர்களின் முழுப்பெயர், பிறந்த திகதி, கடைசியாகக் கண்ட இடம், திகதி ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி, புகைப்படத்தின் பிரதி ஒன்றுடன் பத்திரப்படுத்தி வையுங்கள். டெல்லியிலுள்ள ஒவ்வொரு கல்லும், யாரோ ஒருவர் அழியாமல் எழுதி வைத்த பெயரிலிருந்துதான் செதுக்கப்பட்டது.