ஏன் இவருக்கு மட்டும்?

பெயரைச் சொல்லவே மக்கள் அஞ்சும் நோய் புற்றுநோய். அதிலும் நுரையீரலில் வரும் புற்றுக்கு இன்னொரு கொடுமையும் உண்டு. வேறு நோய் வந்தால் "ஐயோ பாவம்" என்பவர்கள், இந்த நோய் வந்தால் "புகை பிடிப்பாரோ?" என்று கேட்பார்கள். உலகில் புற்றுநோயால் இறப்பவர்களில் மிகுதியானோர் நுரையீரல் புற்றினால்தான் இறக்கின்றனர். 2022-ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 18 லட்சம் பேர் இறந்தனர். இந்நோய்க்கு முதற்காரணம் புகையிலை என்பதில் ஐயமில்லை. ஆனால் வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக்கூடத் தொடாதவர்களுக்கும் இது வரும் என்பதை என் பெரியம்மாவின் மூலமாகத்தான் எங்கள் குடும்பம் அறிந்துகொண்டது.

பெரியம்மா திருச்சியில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் பீடி, சிகரெட் என்ற பேச்சுக்கே இடமில்லை. அவருக்கு மூன்று மாதங்களாக விடாத இருமல். முதலில் சளி என்றார்கள். பிறகு காசநோயோ என்று ஐயப்பட்டுச் சோதித்தார்கள். கடைசியில் ஸ்கேன் எடுத்து, ஊசி மூலம் கட்டியிலிருந்து ஒரு சிறு சதைத் துணுக்கை எடுத்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. அதற்குள் நோய் எலும்புக்கும் பரவியிருந்தது.

பார்க்க வந்தவர்கள் சமையலறையில் என் அம்மாவிடம் மெல்லிய குரலில், "அவர் வீட்டுக்காரர் சிகரெட் பிடிப்பாரோ?" என்று விசாரித்தார்கள். "நாள் தவறாமல் பூசைக்குப் போகிறவளுக்கு ஏன் இப்படி?" என்று சிலர் அங்கலாய்த்தார்கள். "நான் என்ன செய்துவிட்டேன் என்று எல்லோரும் இப்படித் துருவித் துருவிக் கேட்கிறார்கள்?" என்று பெரியம்மா ஒருநாள் அம்மாவிடம் அழுதார். அந்த "ஏன்" நோயாளிக்கு ஒரு துளியும் உதவவில்லை.

மருத்துவமனையில் டாக்டரம்மா கேட்ட கேள்வி வேறு. "இந்தக் கட்டியை எது வளர்க்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். சதைத் துணுக்கை மரபணுச் சோதனைக்கு அனுப்புகிறேன். இரண்டு வாரம் பொறுங்கள்" என்றார். உறவினர்களுக்கோ பொறுமை இல்லை. "நோய் வளர்ந்துகொண்டே போகிறது, இப்போது சோதனை எதற்கு?" என்று பெரியப்பாவை நெருக்கினார்கள். இந்த இரண்டு வாரத்தின் அருமையை எனக்கு உணர்த்தியவர் எங்கள் உயிரியல் ஆசிரியையான சிஸ்டர் அவர்கள்தாம்.

நம் உயிரணுக்களின் மேற்புறத்தில், "வளர்" என்ற கட்டளையை வாங்கி உள்ளே அனுப்பும் புரதங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றின் பெயர் ஈ.ஜி.எஃப்.ஆர். சிஸ்டர் இதைப் பள்ளியின் மின்சார மணிக்கு ஒப்பிட்டார். பொத்தானை அழுத்தினால் மணி அடிக்கும், விரலை எடுத்தால் நின்றுவிடும். பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்டால்? யாரும் அழுத்தாமலே மணி ஓயாமல் அடிக்கும். அதுபோல, இப்புரதத்திற்குரிய மரபணுவில் பிழை நேர்ந்தால், "வளர், வளர்" என்ற கட்டளை நிற்பதே இல்லை. அணுக்கள் பெருகிக் கட்டியாகின்றன.

இந்த மணியை நிறுத்துவதற்கென்று உருவான மாத்திரைதான் ஜெஃபிட்டினிப். இது ஜப்பானில் 2002-லும் அமெரிக்காவில் 2003-லும் அனுமதிக்கப்பட்டது. ஆனால் அமெரிக்காவில் ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் அது கேட்டது. மற்ற ஒன்பது பேரைக் கருதி, "உதவாத மருந்து" என்று தள்ளிவிடுவது எளிது. சில மருத்துவர்கள் அப்படிச் செய்யவில்லை. குணம் கண்ட அந்தச் சிலரை அவர்கள் உற்று நோக்கினார்கள். அவர்களில் பலர் பெண்கள், புகைபிடிக்காதவர்கள், கிழக்காசிய வழியினர். "ஏன் இவர்களுக்கு மட்டும்?" என்று அந்த மருத்துவர்கள் கேட்டார்கள்.

2004-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இரண்டு ஆராய்ச்சிக் குழுவினர் விடை கண்டனர். ஒரு குழு, மருந்து கேட்ட 9 பேரின் கட்டிகளை ஆராய்ந்தது. 8 பேரிடம் ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணுவில் பிழை இருந்தது. மருந்து கேட்காத 7 பேரில் ஒருவரிடமும் அப்பிழை இல்லை! பின்னர் கிழக்காசிய நாடுகளில் 1,217 நோயாளிகளைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2009-இல் வெளியாயிற்று. மாத்திரை உண்டவர்களில், பிழை உள்ளவர்களுக்கு நூற்றுக்கு 71 பேர் வீதம் கட்டி நன்கு சுருங்கியது. பிழை இல்லாதவர்களுக்கோ நூற்றுக்கு ஒருவர் வீதமே சுருங்கியது. சோதிக்காமல் கொடுத்திருந்தால், அவர்களுக்கு ஓரளவாவது உதவியிருக்கக்கூடிய கீமோதெரபியையும் இழந்து நின்றிருப்பார்கள். டாக்டரம்மா காத்திருக்கச் சொன்னதன் காரணம் இதுதான்.

இதற்கிடையில் என் மாமா ஒரு பத்திரிகைச் செய்தியைக் கத்தரித்து எடுத்து வந்தார். "உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே தூண்டிவிடும் மருந்து வந்திருக்கிறதாம். பணம் போனாலும் போகட்டும், அதைக் கொடுப்போம்" என்றார். அவர் சொன்ன மருந்தும் பெரிய சாதனையே. நம் உடலில் காவலரைப் போலச் சுற்றி வரும் வெள்ளணுக்கள் நம்மையே தாக்கிவிடாதபடி, இயற்கை அவற்றிற்கு பிரேக் வைத்திருக்கிறது. புற்றணு தந்திரமாக அந்த பிரேக்கை அழுத்திக் காவலரை நிறுத்திவிடுகிறது. பி.டி.-1 என்ற பிரேக்கை 1992-இல் கண்டறிந்தது ஜப்பானின் கியோட்டோவில் தசுகு ஹோன்ஜோவின் ஆய்வுக்கூடம். இன்னொரு பிரேக்கை ஆராய்ந்தவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசன். இருவருக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது.

பிரேக்கை விடுவிக்கும் இவ்வகை மருந்துகள் 2015 முதல் நுரையீரல் புற்றுக்குப் பயன்பட்டு வருகின்றன. புற்று முற்றிய நிலையில், பிரேக்கை அழுத்தும் புரதம் கட்டியில் மிகுதியாக இருந்தவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. இம்மருந்தோடு தொடங்கியவர்களில் நூற்றுக்கு 32 பேர் ஐந்தாண்டு கழித்தும் உயிரோடிருந்தனர். கீமோதெரபியோடு தொடங்கியவர்களில் 16 பேரே இருந்தனர்.

ஆனால் இதுவும் எல்லோருக்கும் கேட்பதில்லை. ஈ.ஜி.எஃப்.ஆர். பிழை உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் பயன் குறைவு. விடுபட்ட காவலர் குடலையும் தைராய்டையும் நுரையீரலையும்கூடத் தாக்குவதுண்டு. புகைபிடித்து நோயுற்றவர்களின் கட்டியிலோ மரபணுப் பிழைகள் ஏராளம். ஆகவே காவலர் அதை எளிதில் அடையாளம் கண்டுகொள்கின்றனர். அவர்களுக்கு இம்மருந்து பலமுறை நன்றாகவே கேட்கிறது. மருந்து யாரையும் "நீ புகைபிடித்தாயா?" என்று கேட்டுத் தண்டிப்பதில்லை பாருங்கள்!

சோதனையின் முடிவு வந்தது. பெரியம்மாவுக்கு ஈ.ஜி.எஃப்.ஆர். பிழை இருந்தது. நாளுக்கு ஒரு மாத்திரை என்றார்கள். மாமா தம் பத்திரிகைத் துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நான்கு வாரத்தில் இருமல் குறைந்தது. முகத்தில் பருக்கள், நகக்கண்ணில் புண், அவ்வப்போது வயிற்றுப்போக்கு ஆகியவை இருந்தாலும், தம் சமையலைத் தாமே செய்யுமளவுக்குத் தேறினார்.

முழுக் குணம் என்று இதைச் சொல்லிவிட முடியாது. டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை. புற்று நாளடைவில் புதிய பிழையைச் செய்து மருந்திலிருந்து தப்பிக்கக் கற்றுக்கொள்ளும் என்றார். அத்தகைய ஒரு பிழை 2005-இல் கண்டறியப்பட்டது. அதையும் வெல்லும் ஆசிமெர்ட்டினிப் என்ற மாத்திரை 2015-இல் வந்தது. பெரியம்மா உண்பது அதைத்தான். முதல் மருந்தாக அதை உண்டவர்களில் பாதிப் பேருக்கு ஏறக்குறைய 19 மாதம் நோய் கட்டுக்குள் இருந்ததாக ஓர் ஆய்வு கூறுகிறது. பெரியம்மாவுக்கு இது பதினாறாவது மாதம். மருந்தின் விலைக்காகப் பெரியப்பா ஊரிலிருந்த நிலத்தை விற்றார். ஒவ்வொரு ஸ்கேன் நாளிலும் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்குவதில்லை. பெரியம்மா மட்டும், "என்னை ஆராய்ந்தால் இன்னொருத்திக்காவது உதவும். சோதனைக்கு எவ்வளவு இரத்தம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்" என்கிறார்.

அன்புத் தோழியரே! நம்மில் சிலர் நாளை மருத்துவராகலாம், சிலர் ஆராய்ச்சிக்கூடத்தில் பணிபுரியலாம். நுண்ணோக்கியின் முன் அமரும்போது, பத்தில் ஒன்றாக வரும் விடையைத் தள்ளிவிடாமல் "ஏன் இது மட்டும்?" என்று கேட்கப் பழகுவோம். மற்றவர்கள் இல்லத்தரசியராகவோ ஆசிரியைகளாகவோ இருக்கலாம். நாம் அனைவரும் என்றேனும் ஒரு நோயாளியின் கட்டிலருகே நிற்கத்தான் போகிறோம். அப்போது குற்றம் தேடும் கேள்விகளை வாசலிலேயே விட்டுவிட்டு, "சாப்பிட்டீர்களா? நான் என்ன செய்து தரட்டும்?" என்று கேட்போமாக!

— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, உயிரியல் பிரிவு