நத்தைகுத்தி நாரையும் நாங்களும்

மாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெருவில் மாலை வகுப்புக்கு வரும் பதினோரு பிள்ளைகளை வடுவூர் ஏரிக்கு அழைத்துப் போனோம். துணைக்கு ஒரு பிள்ளையின் அப்பாயியும் வந்தார். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் சாலையில் இருக்கிறது இந்த ஏரி. 1999-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2022-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. உலகம் அறிந்த இடம். ஆனால் எங்கள் பிள்ளைகளில் ஒருவர்கூட அதற்கு முன் பறவை பார்க்க அங்கே போனதில்லை.

போன நேரம் நல்ல நேரம். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். அதன்பின் ஏரி மெல்ல வற்றும். சித்திரையில் பெரும்பகுதி காய்ந்துவிடும். வடக்கேயிருந்து வந்த வாத்துகள் கிளம்புவதற்கு முன், குறைந்த தண்ணீரில் நாரைகளும் கொக்குகளும் இறங்கி மேயும் பருவம் இது. நாமக்கோழி, நீர்க்காகம், அரிவாள் மூக்கன் எல்லாம் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. கூட்டமாக நின்றவை நத்தைகுத்தி நாரைகள்.

கரையில் பெரிய கேமராவோடு ஒருவர் நின்றார். நல்ல மனிதர். பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தன் தொலைநோக்கியை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். "அலகுக்கு நடுவுல ஒரு சந்து தெரியுதா? இதோட சாப்பாடே நத்தைதான். என்ன அழகு பாருங்க!" என்றார்.

ஏழாம் வகுப்புப் படிக்கும் எங்கள் பெண் ஒருத்தி சட்டென்று, "எங்க வீட்லயும்..." என்று ஆரம்பித்தாள்.

நாங்கள் அவள் தோளை அழுத்தினோம். அவள் நிறுத்திவிட்டாள். அவருக்கு அது காதில் விழவில்லை.

ஏன் அழுத்தினோம்? அதைத்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது. போன வருடம் இதே பிள்ளையின் சாப்பாட்டு டப்பாவில் நத்தை வறுவல் இருந்தது. பக்கத்தில் இருந்த பிள்ளைகள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். "இதையெல்லாம் இங்க கொண்டு வராதே" என்று ஆசிரியர் ஒருவர் சொன்னார். நாங்கள்தான் போய்ச் சண்டை போட்டோம். உணவில் என்ன இழிவு என்று கேட்டோம். அப்படிக் கேட்ட நாங்களே, அறியாத ஒருவர் முன்னால் அவள் வாயை அடைத்தோம். சாதி எங்கள் கை வழியாகவும் வேலை செய்கிறது என்பதை அந்த ஒரு நொடியில் பார்த்தோம்.

அப்பாயி இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து புளியமர நிழலில் உட்கார்ந்ததும் அவர்தான் பேச்சை எடுத்தார். "அந்த நாரையும் நாமளும் ஒரே வயல்லதான் நத்தை பொறுக்குனோம். நடவு நட்டுட்டு வரப்புல ஏறுனா மடி நெறைய நத்தை. அது தின்னா அழகு, நாம தின்னா அசிங்கமா?"

பிறகு பாடம் நடந்தது. அடைமழையில் வேலை இல்லாத நாள்களில் அடுப்பு எரிந்ததே நத்தையாலும் நண்டாலும்தான் என்றார். அரிசி கழுவிய தண்ணீரில் ஊறப்போட்டு, வேகவைத்து, ஊசியால் சதையை இழுத்து எடுக்க வேண்டும். ஓடு உடையக் கூடாது, உடைந்தால் சில்லு வாயில் குத்தும் என்று சொல்லிக் கொடுத்தார். மூலத்துக்கு மருந்து என்று நம்பி, பகலில் முகம் சுளித்தவர்கள் இருட்டியதும் ஆள் அனுப்பி வாங்கிய கதையையும் சொன்னார்.

நாரையும் ஓட்டை உடைப்பதில்லை. அலகின் இடைவெளியைப் பார்த்து, அது பாக்குவெட்டி போல ஓட்டை நொறுக்கும் என்று அறிஞர்கள் சிலர் ஒரு காலத்தில் நினைத்தார்கள். கவனித்துப் பார்த்தபோது, கீழலகின் கூர்முனையை உள்ளே செலுத்திச் சதையை அறுத்து எடுப்பது தெரிந்தது. குஞ்சாக இருக்கும்போது அலகு நேராகவே இருக்கும். வளர வளரத்தான் இடைவெளி வரும். 'குத்தி' என்ற தமிழ்ப் பெயரிலேயே அந்த வேலை இருக்கிறது. சேற்றில் நின்று பார்த்தவர்கள் வைத்த பெயராகத்தான் இருக்க வேண்டும். சேற்றில் நின்றவர்கள் யார் என்று டெல்டாவில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. பறவை குறைந்தால் முதல் சந்தேகம் எங்கள் தெருமீது விழுகிறது. பசியில் எங்கள் முன்னோர் கொக்குக்குக் கண்ணி வைத்தது உண்மை, மறைக்கவில்லை. 1972 வனவிலங்குச் சட்டப்படி இன்று அது குற்றம். கூடாது என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். ஆனால் வயலில் கொட்டும் பூச்சிமருந்தைப் பற்றியும் பேச வேண்டும். "இப்ப மடி நெறைய எங்க கெடைக்குது? ஒரு கை கெடைச்சா பெரிசு" என்றார் அப்பாயி. நத்தை செத்தால் நாரைக்கும் இரை இல்லை. மருந்து வாங்குபவர் நிலம் வைத்திருப்பவர். அதைத் தெளித்துவிட்டு இருமுபவர் எங்கள் ஆள்.

2015 முதல் பொங்கல் நாள்களில் தன்னார்வலர்கள் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். வனத்துறையும் ஆண்டுதோறும் எடுக்கிறது. நல்ல வேலை. எங்கள் கோரிக்கை சிறியது. கணக்கெடுக்க வருபவர்கள் நடவுக்குப் போகும் பெண்களையும் கூப்பிடுங்கள். எந்த வயலில் எந்த மாதம் எது மேயும் என்று அவர்களைக் கேளுங்கள். சொன்னவர் பெயரையும் எழுதுங்கள். அந்த நாள் கூலியையும் கொடுங்கள்.

வண்டி ஏறுவதற்கு முன் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டோம். "பரவால்லண்ணே" என்றாள். கேமராக்காரர் இன்னும் கரையில்தான் நின்றார். அவள் திரும்பி நடந்து போய் அவரிடம் ஏதோ சொன்னாள். அவர் குனிந்து கேட்டார். இந்த முறை நாங்கள் யாரும் கூடப் போகவில்லை.