நெருப்பும் நிழலும்

துன்பத்திற் கிடந்து உழன்றவனைப் ‘புடம்போட்ட பொன்’ என்று புகழ்வது நம்மவர் வழக்கம். புடம் மாசை நீக்குமேயன்றிப் பொன்னைப் பெருக்குவதில்லை என்பதைப் புகழ்வோர் எண்ணிப் பார்ப்பதில்லை. தமிழ் படித்து ஆசிரியத் தொழிலுக்கு வந்த எனக்கு இதனை விளங்கவைத்தது இலக்கியமன்று. ஒரு கணினியின் செயலி.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய எங்கள் பகுதியில், லொறிகளுக்கு மூட்டை ஏற்றும் தொழிலாளி ஒருவரின் மகன் என்னிடம் உயர்தர வகுப்பிற் படிக்கிறான். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் ரூபாயின் பெறுமதி சரிந்தபின், புதுக் கணினி அவன் வீட்டுக்கு எட்டாக்கனியாயிற்று. பிறர் கழித்த பாகங்களைச் சேர்த்து அவனே ஒன்றை அமைத்தான். அதன் செயலியை, உற்பத்தி செய்தோர் விதித்த வேகத்துக்கு மேலே ஓட்ட முனைந்தான். இதனை ஓவர்குளொக்கிங் என்பர்.

இது வெறும் விளையாட்டன்று. ஒரே சிலிக்கன் தகட்டிற் பிறக்கும் செயலிகளைத் தொழிற்சாலையிற் சோதித்துத் தரம் பிரித்து, வேகமும் விலையும் குறிக்கிறார்கள். மலிவான தரத்துக்குள்ளும் சில வேளை உயர்ந்த ஆற்றல் ஒளிந்திருக்கும். 1998இல் இன்ரெல் வெளியிட்ட செலரோன் 300ஏ அப்படிப்பட்டது. 300 மெகாஹேர்ட்சுக்கென விற்கப்பட்ட அதனைப் பலர் 450இல் ஓட்டினர். ஏழை மாணவனை இக்கதை ஈர்ப்பதில் வியப்பென்ன?

ஆனால் விரைந்து ஓடுவது வேறு. பிழையின்றிக் கணிப்பது வேறு. இதனைச் சோதிக்கப் பலரும் நாடும் நிரல் பிரைம்95. மேர்சேன் முதன்மை எண்களைத் தேட 1996இல் தொடங்கிய கூட்டு முயற்சிக்குரியது அது. விடை தெரிந்த பெருங்கணக்குகளை மணிக்கணக்காகச் செய்வித்து, வந்த விடையை ஒப்பிடும். கணக்குச் செய்யும் ஒவ்வோர் இழைக்கும் அந்நிரல் இட்டிருக்கும் பெயர் என்ன தெரியுமா? ‘தொழிலாளி’!

மாரியில், வாடைக்காற்று வீசிய இரவொன்றில் எட்டு மணித்தியாலச் சோதனையில் தேறிய அப்பொறி, ஆனி மாதக் கச்சான் அனலில், நண்பகலில், ஒரு மணித்தியாலமும் தாங்கவில்லை. மூன்றாம் தொழிலாளி நின்றுவிட்டான். 0.4க்குக் குறைவாயிருக்க வேண்டிய பிழை 0.5 ஆயிற்றென்றும், வன்பொருளிற் கோளாறென்றும் திரை அறிவித்தது. தொழிலாளியை அது குறைகூறவில்லை. அவன் வேலை செய்யும் நிலைமையையே சுட்டியது.

“இன்னும் ரெண்டு நாள் சூட்டிலயே ஓடவிட்டாப் பழகிடும், சேர்” என்றான் மாணவன்.

பரவலான நம்பிக்கைதான் இது. தொழிற்சாலையிலும் செயலிகளைச் சூட்டில் ஓட்டுவதுண்டு. பலவீனமானவற்றைத் தொடக்கத்திலேயே கண்டு கழிப்பதற்காகவே அது, பலப்படுத்துவதற்காக அன்று. மாறாக, நெடுஞ்சூடும் மிகை மின்னழுத்தமும் நுண்கம்பிகளின் உலோக அணுக்களை மெல்ல மெல்ல இடம்பெயர்த்துச் செயலியைத் தேய்க்கும். மின்னழுத்தத்தை 10 சதவீதம் உயர்த்தினால், வேகம் மாறாவிடினும் வெப்பம் ஏறத்தாழ 21 சதவீதம் ஏறும்.

இவற்றைப் படித்தறிந்தபின் அவன் தூசு துடைத்தான். வெப்பப் பசையைப் புதுப்பித்தான். இன்னொரு காற்றாடி பொருத்தினான். மின்னழுத்தத்தையும் வேகத்தையும் சற்றுத் தாழ்த்தினான். அதே கச்சானில், அதே நண்பகலில், எல்லாத் தொழிலாளரும் பிழையின்றிக் கணக்கை முடித்தனர். அப்போதும் வேகம் விதித்த அளவுக்கு மேலேதான் இருந்தது. ஒளிந்திருந்த ஆற்றலை வெளிக்கொணர்ந்தது நெருப்பன்று, குளிர்ச்சி.

போரையும், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும், அண்மைய நெருக்கடியையும் கண்ட எங்கள் மக்களை நோக்கி, ‘சோதனைகள் உங்களை உரமாக்கியுள்ளன’ என்று மேடைகளிற் பேசுகிறார்கள். நிழலில் நிற்போர்க்கு நெருப்பின் பெருமை பேசுவது எளிது. சோதனைகள் செய்ததெல்லாம், எந்த இடத்தில் நாம் தாங்கவில்லை என்று காட்டியதே. அவ்விடத்தைச் சீர்செய்வது சமுதாயத்தின் கடன். விரலளவுச் சிலிக்கனுக்குக் காற்றாடி வைக்கத் தெரிந்த உலகம், வெயிலில் மூட்டை சுமக்கும் அவன் தந்தைக்கு ஒரு நிழற்கொட்டகை போடத் தயங்குவது ஏன்?