பன்னிரண்டு பச்சைக்கிளிகள்

குழந்தை பிறந்து ஓராண்டு நிறையும் நாளை நம் முன்னோர் ‘ஆண்டு நிறைவு’ என்றே வழங்கினர். ‘பிறந்த நாள்’ என்பது குழந்தை வந்த நாளை நினைவூட்டும்; ‘ஆண்டு நிறைவு’ என்பதோ அக்குழந்தை கடந்து வந்த நாட்களையெல்லாம் நினைவூட்டும். பிறந்த தமிழ் மாதத்தில் ஜன்ம நட்சத்திரம் கூடும் நாளே அதற்குரிய நாள். வழக்கமுள்ள இல்லங்களில் அன்று ஆயுஷ்ய ஹோமம் நடைபெறும். அசுவத்தாமன், மகாபலி, வியாசர், அனுமன், விபீடணன், கிருபர், பரசுராமர் என்னும் சிரஞ்சீவிகள் எழுவரையும், என்றும் பதினாறாய் விளங்கும் மார்க்கண்டேயரையும் நினைந்து குழந்தைக்கு நீண்ட ஆயுளை வேண்டுவர். ஹோமம் செய்யும் வழக்கமில்லாதோர் கோவிலில் குழந்தையின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்து, வந்தோர்க்கு அன்னமிட்டு மகிழ்வர்.

இக்காலத்தில் இவற்றோடு ‘தீம்’ என்ற ஒன்றும் சேர்ந்திருக்கிறது. மண்டபம், பலூன் வளைவு, கார்ட்டூன் உருவங்கள், அதே நிறத்தில் அடுக்குக் கேக், பெற்றோருக்கும் பிள்ளைக்கும் ஒரே வண்ணத்தில் உடை என்று அது விரிகிறது. வசதி உள்ளோர் செய்வதில் குறை காண ஒன்றுமில்லை. இல்லாதோர் அதற்காகக் கடன் படும்போதுதான் ஓர் இல்லத்தின் மகிழ்ச்சி கவலையாக மாறுகிறது.

மதுரையில், வைகையின் வடகரையில் வாடகை வீட்டில் வாழும் ஒரு குடும்பம் சென்ற தை மாதத்தில் இந்த நிலையில்தான் நின்றது. கணவர் அச்சகம் ஒன்றில் பணியாற்றுகிறார். மனைவி வீட்டிலிருந்தே துணி தைக்கிறார். உடன் கணவரின் தாயார். அவ்வீட்டின் பெண் குழந்தைக்கு ஆண்டு நிறைவு வந்தது.

வளையலும் வைராக்கியமும்

அக்குழந்தை இரண்டு மாதம் முன்னதாகவே பிறந்தவள். பிறந்ததும் கண்ணாடிப் பேழைக்குள் முப்பத்து நான்கு நாட்கள் இருந்தாள். தாயின் மார்போடு தோலுக்குத் தோலாக அணைத்து வைத்தே அவளுக்குச் சூடேற்றினர். “இந்தப் பிள்ளை தங்குமா?” என்று உறவில் சிலர் வாய்விட்டே கேட்டனர். அக்கேள்வி தாயின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்தது.

ஆகவே, மண்டபம் பிடித்து நூற்றைம்பது பேரை அழைக்க வேண்டும் என்று அவர் விரும்பியது ஆடம்பரத்துக்காக அன்று. கேட்டவர் அனைவரும் வந்து தம் மகளைக் கண்ணாரக் காண வேண்டும் என்பதே அவருடைய வைராக்கியம். முந்தைய ஆண்டு கணவரின் அண்ணன் மகனுக்கு அவ்வாறே விழா நடந்திருந்தது. விசாரித்ததில் மண்டபம், அலங்காரம், உணவு எல்லாம் சேர்த்து 85,000 ரூபாய் ஆகும் என்றனர். மருத்துவமனைக்காக வாங்கிய கடனே இன்னும் முடியவில்லை. தம் இரண்டு வளையல்களை அடகு வைத்துவிடலாம் என்றார் மனைவி. கணவருக்கு மறுக்கவும் மனமில்லை; ஒப்பவும் துணிவில்லை.

மாமியார் நேரடியாக ‘வேண்டாம்’ என்று சொல்லவில்லை. அழைக்கவேண்டியோர் பட்டியலைக் கையில் வாங்கி ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

“அம்மாடி, இந்த ஒரு வருஷத்தில் நம் வீட்டுப் படியேறி வந்தவர்கள் இதில் எத்தனை பேர்?”

மருமகள் பட்டியலை மீண்டும் படித்தார். நள்ளிரவில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று கூலி வாங்க மறுத்த ஆட்டோக்காரர் அதில் இல்லை. குழந்தையை அணைத்து வைக்கக் கற்றுத் தந்த செவிலியர் இல்லை. நாற்பது நாளும் ரசமும் சோறும் கொண்டுவந்த எதிர்வீட்டு அம்மாள் பெயர்கூட விடுபட்டிருந்தது. சந்தேகப்பட்டவர்களின் பெயர்கள் எல்லாம் முறையாக வரிசையில் நின்றன.

“அத்தை, யாருக்குக் காட்ட வேண்டும் என்று எழுதினேன், யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எழுதவில்லை” என்றார் மருமகள். அன்றிரவு பட்டியல் புதிதாக எழுதப்பட்டது. அதில் நாற்பது பேர் இருந்தனர். நாற்பது பேருக்கு வீடே போதும். மண்டபப் பேச்சு தானே நின்றது.

கோவில் தந்த கருப்பொருள்

ஆயினும் ‘தீம்’ வேண்டும் என்பதில் தாய் உறுதியாக இருந்தார். அந்த ஆசையை மாமியாரும் தடுக்கவில்லை. வெளியே விலைக்குத் தேட வேண்டியதில்லை, அன்னையின் கையிலேயே இருக்கிறது என்றார் அவர். மீனாட்சியம்மை வலக்கரத்தில் ஏந்தி நிற்பது கிளி. பொற்றாமரைக் குளத்தை ஒட்டிய கிளிக்கூட்டு மண்டபத்தில் முற்காலத்தில் கிளிகளை வளர்த்து, ‘மீனாட்சி’ என்று சொல்லப் பழக்கினர் என்பர். மழலை பேசத் தொடங்கும் குழந்தைக்குக் கிளியைவிடப் பொருத்தமான துணை ஏது?

கிளி என்றதும் நிறமும் முடிவாயிற்று. பச்சை, மூக்குக்குச் சிவப்பு. தாயின் பச்சைக் கூறைப்பட்டு கூடத்துச் சுவரில் திரையாயிற்று. பச்சையில் சிவப்புக் கரையிட்ட மதுரைச் சுங்குடித் துணி எடுத்துக் குழந்தைக்குப் பாவாடை சட்டையைத் தாமே தைத்தார். பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர் இன்னும் புதிதாகவே இருந்தது. பொங்கலில் மிஞ்சிய கோலப்பொடியில் பச்சையும் சிவப்பும் கிடைத்தன. வாசலில் இரண்டு கிளிகள் எதிரெதிரே அமர்ந்தன.

குருத்தோலையில் கிளி முடையத் தெரிந்த தோரணக்காரர் ஒருவர் பூச்சந்தையில் இருந்தார். அவரிடம் பன்னிரண்டு கிளிகளுக்குச் சொல்லி வைத்தனர், மாதத்துக்கு ஒன்றாக. பனிக்காலத்தில் விளைச்சல் குறைவதாலும் தை முகூர்த்தங்களாலும் மல்லிகை கைக்கெட்டாத விலையில் இருந்தது. மதுரைக்காரர்க்கு மல்லிகை இல்லாத விழா மனத்துக்கு ஒப்பாதுதான். எனினும் அம்மன் படத்துக்கு மட்டும் ஒரு முழம் வாங்கிவிட்டு, மற்றதற்குச் சம்பங்கியும் செவ்வந்தியும் மரிக்கொழுந்தும் எடுத்தனர்.

அண்ணன் மகன் உயிருள்ள கிளியைக் கூண்டோடு கொண்டுவர வேண்டும் என்றான். பச்சைக்கிளியைக் கூண்டிலிட்டு வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று பெரியப்பாவே அவனுக்கு எடுத்துச் சொன்ன சித்தப்பாவை ஆமோதித்தார். பலூனும் வேண்டாம் என முடிவாயிற்று. வெடிக்கும் ஓசைக்குக் குழந்தை அஞ்சுவாள். கிழிந்த துண்டை வாயிலிட்டால் மூச்சடைக்கும்.

செலவுக் கணக்கு ஒரு பழைய நாட்குறிப்பின் ஒரே பக்கத்தில் அடங்கியது. சமையல் பொருள்களுக்கு 5,200 ரூபாய். பாத்திரம், பாய் வாடகை 1,000. வாழைமரம், குருத்தோலை, பூ 1,600. பாவாடைத் துணி 700. படங்கள் அச்சிட 400. கோவில் அர்ச்சனை, அபிஷேகப் பொருள்கள் 600. தாம்பூலப் பைக்குள் வைக்கும் பொருள்கள் 1,000. பைகளை மிச்சத் துணியில் தாயே தைத்துவிட்டார். ஆக 10,500. பொங்கல் தையல் வேலையில் சேர்ந்த 12,000 ரூபாயில் மீதி 1,500 இருந்தது. அதைக் கோவில் அன்னதானத்துக்கு என்று எழுதி மாமியார் கோடிட்டார்.

முடியிறக்குதலும் காதுகுத்தும் மூன்றாம் வயதுக்கு ஒத்திவைக்கப்பட்டன. குலதெய்வம் பொறுத்துக்கொள்ள வேண்டுமென மஞ்சள் துணியில் ஒரு நாணயத்தை முடிந்து சுவாமி அலமாரியில் வைத்தனர்.

முதல் கிளியின் கழுத்தில்

பன்னிரண்டு கிளிகளின் கழுத்திலும் மாதத்துக்கொரு படமாகக் குழந்தையின் படங்களைத் தொங்கவிடுவது திட்டம். முதல் மாதத்துக்குப் படமே இல்லை. அந்நாட்களில் படமெடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. அந்தக் கிளியை விட்டுவிடலாம் என்றார் கணவர். மனைவி பெட்டியைத் திறந்து ஒரு சிறு பொருளை எடுத்து வந்தார். மருத்துவமனையில் குழந்தையின் மணிக்கட்டில் கட்டியிருந்த பெயர்ப்பட்டை. பெரியவர் ஒருவரின் கட்டைவிரலுக்கும் சற்றே தளர்வாகத்தான் பொருந்தும். முதல் கிளியின் கழுத்தில் அது ஏறியது.

மற்றொரு கவலையும் இருந்தது. குழந்தை இன்னும் நடக்கவில்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் வளர்ச்சியை, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று மருத்துவர் விளக்கியிருந்தார். ஆனால் வருவோர் கேட்கும் கேள்விக்கு அந்த விளக்கம் பதிலாகுமா? இங்கே மாமியாருக்குப் பிள்ளைத்தமிழ் துணை நின்றது. திருமலை நாயக்கர் முன்னிலையில் குமரகுருபரர் அரங்கேற்றிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அவர் சொற்பொழிவுகளில் பலமுறை கேட்டவர். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை என்று அதில் பருவங்கள் வரிசையாக வரும். ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதாம் மாதம் சப்பாணி, பதின்மூன்றாம் மாதம் வருகை என்று மாதக் கணக்கும் சொல்வர். அப்பெயர்களைச் சீட்டுகளில் அச்சிட்டு, மருத்துவர் சொன்ன கணக்குப்படி இரண்டிரண்டு மாதம் தள்ளிக் கட்டினர். பதினோராம் கிளியின் கீழ் ‘சப்பாணி’ என்று வந்தது. இரு கைகளையும் சேர்த்துக் கொட்டும் பருவம்.

நட்சத்திர நாள் ஞாயிற்றுக்கிழமையில் அமைந்தது. அதிகாலையில் அம்மன் சன்னிதியில் அர்ச்சனை. பிற்பகலில் குழந்தை உறங்குவாள் என்பதால் விழா பத்து மணிக்கே தொடங்கியது. மாமன் மடியில் அமர்த்தி நலங்கு வைத்தனர். மெழுகுவத்தியை ஊதி அணைப்பதற்கு மாறாகக் குத்துவிளக்கின் ஐந்து முகங்களையும் ஏற்றினர். முதல் முகத்தை ஏற்றியவர் செவிலியர். கேக் எதிர்பார்த்த சிறுவர்களுக்காகக் கிளி வடிவில் கேசரி காத்திருந்தது. சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, தயிர்சாதம், வடை, பாயசம் எல்லாம் வீட்டுப் பெண்களின் கைச்சமையல்.

உறவினர் ஒருவர் எதிர்பார்த்தபடியே கேட்டார்: “இன்னும் நடக்கவில்லையா?” மாமியார் பதினோராம் கிளியைக் காட்டினார். “இப்போது சப்பாணி. அடுத்து முத்தம். அதற்குப் பிறகுதான் வருகை. மீனாட்சிக்கே வரிசை அப்படித்தான்” என்றார். குழந்தை அப்போது கைகொட்டிச் சிரித்தாள். கூடத்திலிருந்த நாற்பது பேரும் உடன் கொட்டினர்.

செவிலியர் முதல் கிளியின் அருகே வெகுநேரம் நின்றார். பட்டையிலிருந்த எழுத்து அவருடையது. “இதையெல்லாம் யாரும் வைத்துக்கொள்வதில்லை” என்று மட்டும் சொன்னார். தாய் பதில் சொல்லாமல் குழந்தையை அவர் கைகளில் கொடுத்தார்.

குருத்தோலைக் கிளிகள் நான்கு நாளில் உலர்ந்து பழுத்தன. படங்கள் ஏட்டில் ஒட்டப்பட்டன. பெயர்ப்பட்டை சுவாமி அலமாரியில் மஞ்சள் முடிப்பின் பக்கத்தில் சேர்ந்தது. வளையல்கள் கையிலேயே இருக்கின்றன. சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேறிய வாரத்தில், மருத்துவர் கணக்கில் பதின்மூன்றாம் மாதத்தில், குழந்தை சுவரைவிட்டு மூன்றடி நடந்தாள்.

ஓராண்டு நிறைவு குழந்தையின் நினைவில் நில்லாது. பெற்றோர் நினைவில்தான் நிற்கும். ஆகவே அதைத் திட்டமிடுவோர் முதலில் எழுதவேண்டியது செலவுக் கணக்கு அன்று. அந்த ஓராண்டில் துணை நின்றோர் பெயர்களே முதலில் வரவேண்டும். அப்பட்டியல் சரியாக அமைந்தால் இடமும் அலங்காரமும் செலவும் தாமே அளவுக்குள் வந்துவிடும்.