மேல்தளத்துப் படமும் நெய் ஜாடியும்

போன மாசம் மாப்பிள்ளைக்கு (அக்கா மகன்தான், கொடைக்கானல்ல ஒரு பழைய பங்களாவில் சமையல் வேலை) கத்திரிக்காயும் முருங்கையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா, இப்போ ஆட்கள் தங்குற விடுதி. மாடிப்படி ஏறுற இடத்துல கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு படம் தொங்குது. பழைய அச்சுப்படம், ஓரமெல்லாம் பழுப்பேறிக் கிடக்கு. ஒரு சமையல்கட்டு. வேலைக்காரங்க மேசையைச் சுத்தி உக்காந்து குடிக்கிறாங்க. ஒருத்தன் எஜமான் மாதிரி காலை நீட்டி உக்காந்திருக்கான். ஒருத்தி விசிறியை வச்சுக்கிட்டுச் சீமாட்டி மாதிரி தலையைச் சாய்க்கிறா. தரையில காலி பாட்டில்.

கீழே இருந்த இங்கிலீஷை போனில் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். அவள் ஆங்கில இலக்கியம் படிச்சவள். 'ஹை லைஃப் பிலோ ஸ்டேர்ஸ்'. மாடிக்குக் கீழே நடக்குற பெரிய மனுஷ வாழ்க்கைன்னு அர்த்தமாம். லண்டன் பெரிய வீடுகள்ல சமையல்கட்டும் வேலைக்காரங்க புழங்குற இடமும் தரைக்குக் கீழே இருக்கும், அதனால வந்த பேரு. 1759ல் டிரூரி லேன் அரங்கத்துல இதே பேரில் ஒரு நாடகம் போட்டிருக்கிறார்கள். எழுதினவர் ஜேம்ஸ் டவுன்லி, பாதிரியார், வாத்தியாரும்கூட. ஜான் காலெட் முதல் பல ஓவியர்கள் இந்தத் தலைப்பில் படம் போட்டிருக்கிறார்களாம்.

கதை இதுதான். மேற்கிந்தியத் தீவுகள்ல சொத்துள்ள லவல் என்கிற இளைஞனுக்கு, தன் வேலைக்காரங்க திருடுறாங்கன்னு சந்தேகம். ஊருக்குப் போறேன்னு சொல்லிட்டு, வேலை பழக வந்த பட்டிக்காட்டுப் பையனா வேஷம் போட்டுத் தன் வீட்டுக்கே வர்றான். உள்ளே ஒரே விருந்து. பக்கத்து வீட்டு வேலைக்காரங்களும் வந்து, ஒருத்தரை ஒருத்தர் அவங்கவங்க எஜமான் பட்டப்பேரால 'பிரபுவே'ன்னு கூப்பிட்டுக்கிட்டு இவன் ஒயினைக் குடிக்கிறாங்க. கடைசியில வேஷத்தைக் கலைச்சு, திருடினவங்களை விரட்டுறான். டாம்னு ஒருத்தன் மட்டும் நேர்மையானவன்.

ஜனம் விழுந்து விழுந்து சிரிச்சிருக்கு. ஆனா எடின்பரோவில் இதைப் போட்டப்போ, எஜமானோட வந்து மேல் மாடத்துல இலவசமா உக்காரும் வேலைக்காரங்க கூச்சல் போட்டு ரகளை பண்ணிட்டாங்களாம். அதோட அந்த இலவச இடமும் போச்சு. எனக்குப் பிடிச்சது இந்த இடம்தான்.

இன்னொண்ணும் உறுத்துச்சு. நான் கரும்பு போடுறவன். மேற்கிந்தியத் தீவுச் சொத்துன்னா அந்தக் காலத்துல பெரும்பாலும் கரும்புத் தோட்டம், வெட்டினவங்க அடிமைகள். அந்தக் கூலியை எந்த நாடகத்துல கணக்குப் பார்த்தாங்க? ஒயின் பாட்டிலைத்தான் எண்ணினாங்க.

படத்தைப் பார்த்ததுல இருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. எங்க அம்மா ஒரு பண்ணை வீட்டுல பாத்திரம் தேய்ச்சவ. எனக்கு ஒன்பது வயசு இருக்கும். பண்ணைக்காரர் குடும்பத்தோட பழனிக்குப் போயிட்டாரு, ரெண்டு நாள். முதல் நாள் ராத்திரி மாட்டுக்காரர் அய்யாவோட கைத்தடியை எடுத்து, மேல்துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு, அவரை மாதிரியே செருமிக் காட்டினாரு. வீடு பெருக்குற ஒரு அக்கா ஊஞ்சல்ல ஏறி ஆடுச்சு. எங்க அம்மா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. அவ அப்படிச் சிரிச்சு அதுக்கு முன்னாடி நான் பார்த்ததில்லை. எனக்குச் சுடுசோத்துல நெய் ஊத்தினா. ஒரு கரண்டி இல்லை, மூணு கரண்டி. வீட்டுல நெய்யே கிடையாது எங்களுக்கு.

திரும்பி வந்த வீட்டம்மா ஜாடியைத் தூக்கிப் பார்த்தாங்க. யாருன்னு கேட்டாங்க. யாரும் வாயைத் திறக்கலை. ஊஞ்சல்ல ஆடினதை யாரோ சொல்லியிருக்கணும், அந்த அக்காவைத்தான் நிறுத்தினாங்க. அம்மா தலையைக் குனிஞ்சு அண்டாவைத் தேய்ச்சுக்கிட்டே இருந்தா. நான் தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். எனக்குத் தெரியும், நெய் என் வயித்துலதான் இருக்குன்னு. அந்த அக்கா அப்புறம் கேரளாப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போயிருச்சுன்னு கேள்வி. அம்மா சாகும்வரை அந்தப் பேச்சை எடுத்ததில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டிருக்கணும்.

"அந்தப் படம் உனக்குப் பிடிக்குமா மாப்ளே?"ன்னு கேட்டேன்.

"தங்க வர்றவங்க அது பக்கத்துல நின்னு செல்பி எடுப்பாங்க மாமா. நமக்கு அது தினம் கண்ணாடி துடைக்கிற வேலைதான்."

மத்தியானம் மூட்டையைத் தூக்கிக்கிட்டுப் பின்வாசல் வழியா சமையல்கட்டுக்குள்ள போனேன். நாலஞ்சு பிள்ளைகள் போனில் பாட்டு வச்சுக்கிட்டு, மிஞ்சின பிரியாணியைத் தின்னுக்கிட்டிருந்தாங்க. செருப்புச் சத்தம் கேட்டதும் பாட்டை நிறுத்திட்டு எல்லாரும் எந்திரிச்சு நின்னுட்டாங்க.

"யாருமில்லடா, எங்க மாமா"ன்னான் மாப்பிள்ளை. உக்காந்துட்டாங்க. எனக்கும் ஒரு தட்டு வந்துச்சு.