கம்பி உன் தாத்தா வீட்டுச் சொத்து

திருநள்ளாறு

அன்பு பாப்பாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். நீ அனுப்பிய படங்கள் எல்லாவற்றையும் பார்த்தேன். அந்த நீலத் தொங்கட்டானை மட்டும் எத்தனை முறை பெரிசாக்கிப் பார்த்திருப்பேன் என்று சொல்ல முடியாது. விரிசல் விழுந்ததையும் மறைக்காமல் அனுப்பியிருக்கிறாயே, அது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் அடியிலே, "எனக்கு இது வராது போலிருக்கு அத்தை" என்று ஒரு வரி போட்டிருக்கிறாய் பார், அதற்குத்தான் கோபம். இந்தக் கடிதம் நீளமாகப் போனால் அந்த ஒரு வரிதான் காரணம் என்று வைத்துக்கொள்.

இங்கே எல்லோரும் நலம். சனிக்கிழமை வந்தால் தெருவில் கால் வைக்க முடியாத கூட்டம். நளதீர்த்தத்தில் முழுகி எழுந்து வருகிறவர்களின் ஈரக்கால்தான் எங்கும். உன் அப்பா போன வாரம் வந்திருந்தான். உன் படங்களைக் காட்டினேன். "பத்தர் வீட்டுப் பெண் களிமண்ணைப் பிசைந்துகொண்டிருக்கிறாளா?" என்றான். எனக்கு வந்ததே ஆத்திரம். அது ஆற்றங்கரைக் களிமண் இல்லையடா, அத்தனையும் வெள்ளி என்றேன். ஜப்பானில் மிட்சுபிஷி மெட்டீரியல்ஸ் கம்பெனியில் 1990களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தார்கள், மிக மெல்லிய வெள்ளித் தூளும் கொஞ்சம் பசையும் தண்ணீரும்தான், சூட்டில் பசை எரிந்து போய்த் தூள் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டால் மிஞ்சுவது 99.9 வெள்ளி, நீ வாங்கி விற்கிற கொலுசிலே அந்தச் சுத்தம் உண்டா என்று கேட்டேன். சுவாமிமலை ஸ்தபதி மெழுகில் உருவம் பிடித்துக் காவிரி வண்டலைப் பூசினால் அது கலை, என் மருமகள் வெள்ளியையே நேராகப் பிடித்து உருவம் செய்தால் அது விளையாட்டா? பதில் சொல்லாமல் காபியைக் குடித்துவிட்டுப் போனான். போகும்போது உன் படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது விரிசலுக்கு வருகிறேன். அது எங்கே ஓடுகிறது என்று கவனித்தாயா? நீ புதைத்த கம்பியின் ஓரமாகவே போகிறது. களிமண் சுடும்போது 8 முதல் 12 சதவீதம் சுருங்கும் என்று நீதானே எனக்குச் சொன்னாய். கம்பி ஏற்கெனவே முழு வெள்ளி. அது ஏன் சுருங்கப் போகிறது? சுற்றியிருப்பது சுருங்கும்போது நடுவில் கம்பி விறைத்துக்கொண்டு நின்றால், பலவீனமான இடத்தில் பிளக்கத்தான் செய்யும். இதில் உன் கைக்குப் பழி ஒன்றும் இல்லை. விரிசலில் அதே களிமண்ணைத் தண்ணீராகக் குழைத்து அடைத்து, நன்றாகக் காயவிட்டு மறுபடி சுடு. இனிமேல் நீளக் கம்பியை உள்ளே புதைக்காதே. வளையத்தின் கால் மாதிரி சின்னத் துண்டு புதைந்தால் போதும். கம்பிக் கோலம் முழுவதையும் கண்ணாடி எனாமல் வைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம், எனாமலே அதைப் பிடித்துக்கொள்ளும்.

புதைக்கிற கம்பியும் சுத்த வெள்ளியாக இருக்கட்டும். கடையில் 92.5 என்று விற்பதில் பாக்கி 7.5 பங்கு செம்பு. நம் ஆட்கள் கெட்டிக்காகச் சேர்ப்பது அது. உலையில் போனால் அந்தச் செம்பு கருத்து மேலே வரும், எனாமலுக்கு அடியில் அழுக்காகத் தெரியும். உன் தாத்தா கொலுசுக்கு ஒரு கம்பி, கம்பி வேலைக்கு ஒரு கம்பி என்று தனித்தனி டப்பாவில் வைத்திருப்பார். யாராவது கலந்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் சாப்பாடே இறங்காது.

இன்னொன்று. சுட்ட களிமண் பார்க்க உறுதியாக இருக்கும், ஆனால் அடித்து இழுத்த வெள்ளியின் வலு அதற்கு வராது. உள்ளே நுண்ணிய துளைகள் இருக்கும், வளைத்தால் ஒடியும். கொக்கி, வளையம், தோட்டின் தண்டு என்று இழுபடுகிற இடமெல்லாம் கம்பியில் செய். இலையும் பூவும் மயிலும் களிமண்ணில் செய். அந்தத் துளைகளால்தான் உன் எனாமலில் குமிழ் கிளம்புகிறது. பொட்டலத்தில் 650 டிகிரியில் அரைமணி என்று போட்டிருந்தாலும், எனாமல் ஏற்றப் போகிற பண்டத்தை 900 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுடு. அதற்கு மேலே ஆசைப்படாதே, 961ல் வெள்ளியே உருகிவிடும். ஆறினதும் மெருகுக் குச்சியால் அழுத்தித் தேய்த்துத் துளையை மூடு. எனாமலை முகத்தில் மட்டும் வைக்காமல் முதுகிலும் ஒரு பூச்சு கொடு. கண்ணாடியும் வெள்ளியும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை, ஒரு பக்கம் மட்டும் பூசினால் ஆறும்போது தகடு வளைந்து கண்ணாடி தெறிக்கும். பொடி வைத்து ஊதின பற்று எதுவும் அதற்கு முன் வேண்டாம். எனாமல் கேட்பது 800 டிகிரிச் சூடு, அதில் பற்று விட்டுப்போகும்.

நீ விட்டுப்போன பொட்டலத்தில் மிச்சமிருந்ததை நானும் எடுத்துப் பிசைந்தேன், அதைச் சொல்லவில்லையே! வேப்பிலை அளவுக்கு ஓர் இலை. இந்த ஊர்க் காற்றில் சட்டென்று காய்ந்து ஓரம் வெடிக்கப் பார்த்தது, கொழுக்கட்டை மாவுக்குப் போடுகிற மாதிரி ஈரத்துணி போட்டு மூடி வைத்துக்கொண்டேன். கேஸ் டார்ச்சில் சுட்டபோது பசை பற்றிக்கொண்டு ஒரு சின்னச் சுவாலை எழுந்து அடங்கியது. ஆறினதும் பார்த்தால் வெள்ளைச் சுண்ணாம்பு நிறம். மனசு விட்டுப்போயிற்று. பித்தளைத் தூரிகையை எடுத்துத் தேய்த்தேன் பார், உள்ளேயிருந்து வெள்ளி வந்தது! பாப்பா, எனக்கு அழுகை வந்துவிட்டது. சின்ன வயதில் வளையம் கோத்துக்கொடுப்பேன், கம்பி முறுக்கிக்கொடுப்பேன், பூந்திக்கொட்டைத் தண்ணீரில் நகை கழுவுவேன். உலைப் பக்கம் மட்டும் உட்கார விடமாட்டார்கள். ஊதுகுழல் உன் அப்பாவுக்கு, எனக்கு இல்லை. அவனுக்கோ அதில் நாட்டமே கிடையாது. இத்தனை வருஷம் இதை யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் சொல்லத் தோன்றியது.

நீலத்தைப் பற்றி உன் அம்மா பயப்படுகிறாள். நீலம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது, சனீஸ்வரன் சந்நிதி ஊரில் பிறந்துவிட்டு இப்படி விளையாடலாமா என்கிறாள். அவள் சொல்வது நீலக்கல்லை. உன்னுடையது கோபால்ட் சேர்ந்த கண்ணாடி. அவளுக்கு நான் பொறுமையாகச் சொல்லிக்கொள்கிறேன். நீ நீலத்தை விடாதே, வெள்ளி மேல் அதற்கு ஈடான நிறம் இல்லை. வெளிச்சம் அடிவரை போய்த் திரும்பி வருகிறது. சிவப்புக்கு மட்டும் அவசரப்படாதே, வெள்ளி மேல் நேராக வைத்தால் பழுப்படித்துப் போகும். முதலில் நிறமில்லாத எனாமல் ஒரு பூச்சு, அதன் மேல் சிவப்பு. ஜெய்ப்பூரில் மீனா வேலை செய்கிறவர்கள் அதிகச் சூடு தாங்குகிற நிறத்தை முதலில் ஏற்றிச் சிவப்பைக் கடைசியில்தான் வைப்பார்கள்.

நீ இருக்கிற பிரான்ஸிலேயே லிமோஜ் இருக்கிறது. எண்ணூறு வருஷத்துக்கு மேலாக எனாமலுக்குப் பேர் போன ஊர். லீவு கிடைத்தால் ரயிலேறிப் போய் அங்கே மியூசியத்தைப் பார்த்துவிட்டு வா. முடியாவிட்டால் லூவ்ரிலாவது பார், அங்கேயும் லிமோஜ் வேலை வைத்திருக்கிறார்கள். காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையை விட்டு 1954ல் வந்துவிட்டது, ஆனால் நம் பிள்ளைகள் அங்கே போவது நின்றபாடில்லை. போனவர்கள் அங்கேயுள்ள கைவேலையையும் கற்றுக்கொண்டு வரட்டுமே.

எனக்கு உள்ளபடியே கவலை உன் மூச்சைப் பற்றித்தான். எனாமல் பொடி அத்தனையும் அரைத்த கண்ணாடி, பழைய சரக்கில் ஈயமும் இருக்கும். சலிக்கும்போது முகமூடி போடாமல் உட்காராதே. ஜன்னலைத் திறந்து வை, குளிருகிறது என்று மூடிக்கொள்ளாதே. சாப்பிடுகிற மேஜையில் வேலை செய்யாதே. உலைக்குள் வெறுங்கண்ணால் உற்றுப் பார்க்காதே. கேடிஎம் பற்று என்று கேட்மியம் கலந்து ஊதின காலத்தில் அந்தப் புகையை ஒருவரும் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. தாத்தா ராத்திரியெல்லாம் இருமினது உனக்கும் ஞாபகம் இருக்கும்.

கேட்கிறவர்களுக்கெல்லாம் சும்மா தூக்கிக் கொடுக்கிறாயாமே? அம்மா சொன்னாள். வெள்ளி விற்கிற விலையில் அது என்ன தாராளம்? சேதாரம் உனக்குக் கிடையாது, காய்ந்த தூளைக்கூடத் தண்ணீர் விட்டுக் குழைத்துக்கொள்கிறாய், சரி. செய்கூலி உண்டல்லவா? ஒரு தொங்கட்டானுக்கு உன் ஞாயிற்றுக்கிழமை முழுசும் போகிறதே. தோழிகளானாலும் கூலி சொல்லி வாங்கு.

தாத்தாவின் கம்பி அச்சு என்னிடம்தான் இருக்கிறது. பெரிய கண்ணிலிருந்து மயிரிழைக் கண் வரைக்கும் ஒன்றும் அடைபடவில்லை, எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன். உன் அப்பாவிடம் கேட்டேன், அவளுக்கே கொடு என்றான். சாமணமும் குறடும் அதோடு இருக்கின்றன. நீயே கம்பி இழுத்துக்கொண்டால் எனாமல் கோட்டுக்கு வேண்டிய மெல்லிசுக்கு வெளியே காசு கொடுக்க வேண்டாம். தபாலில் அனுப்ப எனக்கு மனசில்லை. ஆனியில் காரைக்கால் அம்மையார் கோயில் மாங்கனித் திருவிழாவுக்கு வர முடியுமா என்று பார். வந்தால் இரண்டு நாள் என் கூட உட்கார், கம்பி இழுக்கக் கற்றுத் தருகிறேன். வர முடியாவிட்டால் ஊருக்கு வந்துபோகிறவர்கள் யார் கையில் கொடுத்தனுப்பலாம் என்று உடனே எழுது.

உன் அத்தை