சூடாகும் இன்ஜினும் ஒரு ரப்பர் விசிறியும்

வானகரத்துக்காரனுக்கும் போட் இன்ஜினுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேக்கறீங்களா? எங்க ஊர்ல இருக்கிறது மீன் மார்க்கெட், கடல் இல்லை. ஆனால் அம்மா கூடப்பிறந்த மாமா பழவேற்காட்டில் மீன்பிடித் தொழில். பைபாஸ் பிடிச்சு, செங்குன்றம், பொன்னேரி வழியா போனா பைக்கில் எட்டிவிடலாம். செமஸ்டர் லீவுக்குப் போனால் நமக்கு வேலை நிச்சயம்.

மாமாவோடது பழைய ஃபைபர் போட். 2004 சுனாமிக்கு அப்புறம் இந்தக் கரையில் ஏகப்பட்ட ஃபைபர் போட்டுகள் வந்தன இல்லையா, அதில் ஒன்றைக் கைமாற்றி வாங்கியது. பின்னால் தொங்கும் அவுட்போர்டும் பழைய டூ ஸ்ட்ரோக். அபாய மணி எல்லாம் அதில் கிடையாது. கொதிச்சால் வாசனையை வெச்சுதான் கண்டுபிடிக்கணும்.

சமீபத்தில் அது அரை மணி நேரம் ஓடினாலே காய ஆரம்பித்தது. ஏரிக்குள் நின்றால் கழி ஊன்றிக் கரை சேரலாம். முகத்துவாரத்தில், அலை உடைகிற இடத்தில் நின்றால்? போட் குறுக்கே திரும்பும், அடுத்த அலை கவிழ்த்துவிடும். அத்தை அதுக்குத்தான் பயந்தாங்க. ஒரு மெக்கானிக் வந்து பார்த்துட்டு "ஹெட்டைக் கழட்டணும்ணே, கேஸ்கெட் போயிருக்கும்" என்றார். செலவு பெரிசு.

பி.காம் படிக்கிறவன் புத்தி எங்கே போகும்? எது மலிவோ அதை முதலில் பார்ப்போம் மாமா என்றேன். "பாருடா, பைசா செலவில்லாத வைத்தியம்" என்று சிரித்தார்.

இந்த இன்ஜினில் ரேடியேட்டர் கிடையாது. வெளியே இருக்கிற தண்ணீரையே கீழே காலில் உள்ள பம்ப் உறிஞ்சி, குழாய் வழியா மேலே அனுப்பும். அது சிலிண்டரைச் சுற்றிச் சூட்டை வாங்கிக்கொண்டு புகையோடு வெளியே போய்விடும். கொஞ்சம் தண்ணீர் மட்டும் பின்பக்கத் துளை வழியா ஒண்ணுக்குப் போற மாதிரி பீச்சும் (மன்னிக்கவும், வேற உவமை சிக்கலை!). அந்தப் பீச்சல்தான் நாடி. மாமா இன்ஜினில் அது சொட்டிக்கொண்டிருந்தது.

துளையில் உப்பு அடைத்தாலும் சொட்டும். இன்ஜினை நிறுத்தி, மெல்லிய கம்பி விட்டுக் குத்தினோம். மாற்றமில்லை. தண்ணீர் நுழைகிற சல்லடையில் பிளாஸ்டிக் பையோ, பாசியோ? சுத்தமாக இருந்தது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டுப் பார்த்தோம். பல மாடல்களில் 50, 60 டிகிரி செல்சியஸை ஒட்டி வாய் திறக்கும். இது ஒழுங்காகத் திறந்தது. சிலர் தெர்மோஸ்டாட்டே வேண்டாம் என்று தூக்கி எறிந்துவிடுகிறார்கள். இன்ஜின் தேவையான சூட்டுக்கே வராமல் எண்ணெயைக் குடிக்கும், கரி பிடிக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

மிச்சம் பம்ப். காலைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ரப்பர் விசிறி. இம்பெல்லர் என்பார்கள். இதழ்கள் ஒரே பக்கம் மடிந்து விறைத்துப் போயிருந்தன. ஒரு இதழையே காணோம்! பழவேற்காடு ஏரி ஆழம் குறைந்தது, முகத்துவாரமும் அடிக்கடி மணல் மூடும். சேறும் மணலும் கலந்த தண்ணீரை உறிஞ்சினால் ரப்பர் எத்தனை நாள் தாங்கும்? கரையில் ஏற்றி வைத்துத் தண்ணீர் இல்லாமல் "ஸ்டார்ட் ஆகுதா பாப்போம்" என்று உறுமவிடும் பழக்கம் வேறு. பம்ப் காய்ந்து ஓடினால் சில நொடியிலேயே விசிறி கெட்டுவிடும்.

புது விசிறி போட்டதும் வேலை முடிந்தது என்று மாமா நினைத்தார். காணாமல் போன இதழ் எங்கே? அது மேலே போகிற வழியில்தான் எங்கேயோ சிக்கியிருக்கணும். விட்டிருந்தால் புது விசிறி இருந்தும் மறுபடி கொதித்திருக்கும். குழாயைக் கழற்றி எதிர்ப்பக்கத்திலிருந்து தண்ணீர் அடித்தோம். இரண்டாவது தடவையில் கருப்பாக ஒரு துண்டு வந்து விழுந்தது. மாமா அதை உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

கணக்குப் பாடத்தில் இதை வருவாயினச் செலவு என்பார்கள், ஹெட்டைப் புதுசா மாற்றி இன்ஜின் ஆயுளைக் கூட்டினால் முதலினச் செலவு. மாமாவுக்கு இரண்டும் கடன்தான்.

இப்போது கரை திரும்பியதும் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, காலை அதில் முக்கி, பத்து நிமிஷம் ஓடவிடுகிறார். உள்ளே உப்பு படியாமல் இருக்க. அத்தை சமையலுக்குச் சேர்த்து வைத்த தண்ணீரை எடுத்துட்டார்னு தினமும் சண்டை :)